கோடையில் பால் எங்கே போகிறது?

சித்திரை பிறந்து பத்து நாள் ஆனால் போதும், பால் சொசைட்டிகளில் முணுமுணுப்பு தொடங்கிவிடும். போன மாதம் பத்து லிட்டர் ஊற்றியவர் ஏழு லிட்டரோடு வந்து நிற்பார். அந்த ஏழிலும் கொழுப்பு குறைவு, எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்) குறைவு என்று மெஷின் காட்டும். "தண்ணி கலந்துருக்கா அக்கா?" என்று யாராவது கேட்டுவிட்டால், விடியுமுன் எழுந்து சாணி அள்ளிக் கறந்து வந்த அந்தப் பெண்ணுக்கு நாள் முழுவதும் மனசு ஆறாது. வீட்டுக்குப் போனால் இன்னொரு கேள்வி காத்திருக்கும்: "தீவனம் ஒழுங்கா வச்சியா?" அவரிடம் இந்த இரண்டையும் கேட்பது அநியாயம். அந்தப் பால் எங்கே போனது என்பதற்கு மாட்டின் உடம்புக்குள் தெளிவான கணக்கு இருக்கிறது.

மாட்டின் இயல்பான உடல்சூடு 38.5 டிகிரி செல்சியஸ், ஏறத்தாழ 101.3 டிகிரி ஃபாரன்ஹீட். மாட்டைச் சுட்டெரிப்பது வெளி வெயில் மட்டுமல்ல. தின்ற வைக்கோலும் சோளத்தட்டும் பெருவயிற்றில் நொதிக்கும்போது உள்ளேயே சூடு பிறக்கிறது. பால் சுரக்கும் வேலையும் சூட்டைக் கிளப்புகிறது. அதனால்தான் மூன்று லிட்டர் கறக்கும் நாட்டு மாடு நிம்மதியாக அசைபோடும்போது, பக்கத்தில் பதினைந்து லிட்டர் கறக்கும் கலப்பின மாடு நாக்கைத் தள்ளி இளைக்கிறது. காங்கேயம், உம்பளச்சேரி மாடுகளுக்குத் தோலும் வியர்வைச் சுரப்பிகளும் இந்த மண்ணுக்கேற்றபடி அமைந்திருக்கின்றன. ஜெர்சி, ஹெச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) ரத்தம் கூடக்கூட அந்தத் தாங்குசக்தி குறையும்.

வெயிலின் அளவை மட்டும் பார்த்து முடிவுகட்டவும் கூடாது. காற்றின் ஈரப்பதத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்ப-ஈரப்பதக் குறியீட்டைத்தான் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். அது 72ஐத் தாண்டினால் கறவை மாடு திணறத் தொடங்கும் என்பது பழைய கணக்கு. அதிகம் கறக்கும் மாடுகளுக்கு 68 என்று பிறகு திருத்தினார்கள். 28 டிகிரி வெப்பம், 80 சதவீத ஈரப்பதம் என்றால் குறியீடு 80க்குப் பக்கத்தில் நிற்கும். நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கோடை இரவு எப்படி இருக்கும் என்பது தெரிந்ததுதானே! பகலில் ஏறிய சூட்டை ராத்திரியில் இறக்க முடியாத மாடு, மறுநாளை முதல்நாள் கடனோடு தொடங்குகிறது. பால் குறைவதும் பெரும்பாலும் அன்றைக்கே தெரியாது, ஓரிரு நாள் தள்ளித்தான் தெரியும். அதனால் நேற்று மாற்றிய புண்ணாக்கின் மேல் பழி விழுகிறது.

வெயிலில் மாடு குறைவாகத் தின்கிறது, அதனால் பால் குறைகிறது என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். அமெரிக்காவில் அதிகம் கறக்கும் ஹெச்.எஃப். மாடுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்துச் சோதித்தார்கள். ஒன்றை வெக்கையில் கட்டினார்கள். மற்றதைக் குளிர்ந்த இடத்தில் கட்டி, வெக்கையில் நின்ற மாடுகள் எவ்வளவு தின்றனவோ அவ்வளவே தீவனம் கொடுத்தார்கள். இரண்டிலும் பால் குறைந்தது. ஆனால் வெக்கையில் நின்றவற்றுக்கு மிக அதிகமாகக் குறைந்தது. ஏற்பட்ட மொத்த இழப்பில் தீவனம் குறைந்ததால் வந்தது மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரைதான்.

மீதி எங்கே போனது? குளிர்ந்த இடத்தில் அரைவயிற்றோடு நிற்கும் மாடு தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்து எரித்துக்கொண்டு, குளுக்கோஸை மடிக்கு விட்டுக்கொடுக்கும். வெக்கையில் நிற்கும் மாட்டால் அது முடிவதில்லை. அதன் ரத்தத்தில் இன்சுலின் ஏறுகிறது. கொழுப்பு கரைவது தடைபடுகிறது. உடம்பின் மற்ற உறுப்புகள் குளுக்கோஸை எடுத்துக்கொள்கின்றன. இதோடு இன்னொன்றும் நடக்கிறது. சூட்டை வெளியேற்ற ரத்தம் தோலுக்குத் திருப்பப்படுவதால் குடலுக்குப் போகும் ரத்தம் குறைந்து, குடல்சுவர் பலவீனமாகிறது. அதன் வழியே கிருமிகளின் நச்சு உள்ளே கசிகிறது. அதை எதிர்க்கும் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கும் குளுக்கோஸ்தான் வேண்டும். ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறத்தாழ 72 கிராம் குளுக்கோஸ் தேவை. அதிலிருந்துதான் பால் சர்க்கரையான லாக்டோஸ் உண்டாகிறது. லாக்டோஸ்தான் தண்ணீரை மடிக்குள் இழுத்துப் பாலின் அளவைத் தீர்மானிக்கிறது. சர்க்கரை வராத மடியில் பால் எப்படி ஊறும்?

கொழுப்பு குறைவதற்கு வேறு காரணம். மேல்மூச்சு வாங்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியேறி ரத்தத்தின் காரத்தன்மை கூடுகிறது. அதைச் சரிக்கட்டச் சிறுநீரகம் பைகார்பனேட்டை வெளியே தள்ளுகிறது. பெருவயிற்றின் புளிப்பை அடக்க வேண்டிய உமிழ்நீரோ வாய்வழியே தரையில் ஒழுகுகிறது, அசைபோடுவதும் குறைகிறது. புளிப்பு ஏறிய பெருவயிற்றில் நார்த்தீவனம் சரியாகச் செரிக்காது. பாலில் கொழுப்பு இறங்கும். பால் குறைகிறதே என்ற பதற்றத்தில் அடர்தீவனத்தை அள்ளிப் போட்டால் இந்தப் புளிப்பு இன்னும் கூடும். நல்ல எண்ணத்தோடு நம்மவர்கள் செய்யும் கெடுதல்களில் இதுதான் பெரியது.

மதியம் இரண்டு மணிக்குத் தகரமோ சிமென்ட் ஷீட்டோ போட்ட கொட்டகைக்குள் போய், கறவை மாட்டின் விலாவைப் பாருங்கள். செல்போனில் ஒரு நிமிடம் வைத்துக்கொண்டு, விலா எத்தனை முறை எழும்பித் தாழ்கிறது என்று எண்ணுங்கள். 60ஐத் தாண்டினால் மாடு வெக்கையில் தவிக்கிறது. படுக்காமல் நின்றுகொண்டே இருப்பதும், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றியே நிற்பதும், வாயோரம் எச்சில் நூலாக இறங்குவதும் அதன் அடையாளங்கள். வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டுத் தள்ளாடினால் அது ஆபத்துக் கட்டம். நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி, காற்று படச் செய்துவிட்டு, உடனே 1962 என்ற இலவச எண்ணுக்கு அழையுங்கள். வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள். நுரையீரலுக்குள் போனால் பிழைப்பது கடினம்.

இனி, செய்யக்கூடியவை. முதலாவது தண்ணீர். பாலில் 87 சதவீதம் தண்ணீர்தான். கறவை மாட்டுக்கு வேளைக்கு ஒரு வாளி காட்டினால் போதாது. நிழலில், பாசி பிடிக்காமல் கழுவிய தொட்டியில், இரவிலும் தண்ணீர் இருக்க வேண்டும். கூரைக்கு மேல் தென்னங்கீற்றைப் பரப்புங்கள், வெள்ளையடியுங்கள், பக்கச் சுவர்களைத் திறந்துவிடுங்கள். வேம்போ புங்கையோ இருந்தால் மதியத்தில் அதன் அடியில் கட்டுவது எந்தக் கொட்டகையையும்விட மேல். உடம்பை நனைத்தால் மட்டும் போதாது, நனைத்த ஈரம் காற்றில் உலர வேண்டும். அந்த உலர்தல்தான் சூட்டை எடுக்கிறது. கடலோரத்தில் ஃபேன் இல்லாமல் மூடிய கொட்டகையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தால் புழுக்கம்தான் மிஞ்சும். மடி நனைந்தால் கறக்குமுன் நன்றாகத் துடைத்துவிடுங்கள், மடிநோய்க்கு ஈரம் வழிவிடும். தீவனத்தின் பெரும்பங்கை விடியற்காலையிலும் பொழுது சாய்ந்த பிறகும் வையுங்கள். தாது உப்புக் கலவையும் சோடா உப்பும் உதவும். அளவைக் கால்நடை மருத்துவர் சொல்லட்டும்.

நிறைமாதச் சினை மாட்டைத்தான் நாம் மறந்துவிடுகிறோம். பால் தரவில்லை என்பதற்காக அதைக் கொட்டகைக்கு வெளியே வெயிலில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. பால் வற்றியிருக்கும் அந்த இரண்டு மாதத்தில்தான் அடுத்த ஈற்றுக்கான மடித்திசு புதுப்பிக்கப்படுகிறது. அப்போது வெக்கையில் வாடிய மாடு, குளிர்ந்த மாதத்தில் கன்று போட்டாலும் குறைவாகவே கறக்கும். வயிற்றில் இருந்த கிடேரிக் கன்றும் வளர்ந்து கறவைக்கு வரும்போது குறைவாகக் கறக்கிறது என்று ஃபுளோரிடாவில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சினை ஊசி போட்டும் சினை நிற்காமல் போவதற்கும் கோடை ஒரு காரணம். வெக்கையில் பருவ அறிகுறிகள் மங்கலாக, அதுவும் ராத்திரியில்தான் தெரியும். படுக்கப் போகுமுன்னும் விடியலிலும் ஒரு நடை பார்த்துவிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது? வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 மணிவரை வண்டி இழுக்கவோ பாரம் சுமக்கவோ மாட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று 1965ஆம் ஆண்டின் மத்திய விதிகள் தடுக்கின்றன. அதே வெயிலில் நிற்கும் கறவை மாட்டுக்கு இப்படி நேரம் குறித்த காப்பு எதுவும் அந்த விதிகளில் இல்லை. ஆனால் பால் சுரப்பதற்காக மாட்டுக்குக் கேடான ஊசி போடுவதை 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 12ஆம் பிரிவில் குற்றமாக்கியிருக்கிறது. இரண்டு ஆண்டுவரை சிறைத் தண்டனை உண்டு. கோடையில் ஆக்சிடோசின் ஊசியை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது மடியில் இருக்கும் பாலை இறக்குமே தவிர, புதிதாக ஒரு சொட்டும் ஊறவைக்காது.

சொசைட்டியில் உங்கள் பாலை உங்கள் கண்முன் சோதிக்கச் சொல்லுங்கள். லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப்., விலை நான்கும் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கிச் சேர்த்து வையுங்கள். அளவைக்கும் தராசுக்கும் முத்திரை இருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்டம். தண்ணீர் கலந்ததாகச் சொன்னால், கட்டுத்தரைக்கே வந்து அதே மாட்டைத் தங்கள் முன்னிலையில் முழுதாகக் கறந்து சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நேர்மையாகப் பால் ஊற்றுபவருக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. அப்படியும் தீராவிட்டால் மாவட்டத்தில் பால்வளத் துணைப்பதிவாளரிடம் எழுத்தில் கொடுக்கலாம்.

மாட்டுக் காப்பீட்டில் விவசாயியின் பங்கை 15 சதவீதமாகக் குறைக்க 2024இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. காப்பீடு செய்த மாட்டின் காதுவில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவித்து மாற்றிக்கொள்ளுங்கள்; வில்லையும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் இல்லாமல் இழப்பீடு வாங்குவது பெரும்பாடு. ஆனால் இந்தக் காப்பீடு மாடு இறந்தால்தான் கைகொடுக்கும், வெயிலில் போன மூன்று லிட்டருக்கு இதில் பதில் இல்லை. கேரளத்தில் மலபார் மில்மா, வெப்பம் வரம்பைத் தாண்டும் நாட்களுக்குப் பால் இழப்பை ஈடுகட்டும் காப்பீட்டைத் தன் உறுப்பினர்களுக்குக் கொண்டுவந்தது. அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். உங்கள் சங்கத்தின் அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். எழுந்து கேட்க ஒவ்வொரு உறுப்பினருக்கும் உரிமை உண்டு.