வழக்கொழிந்த ஒரு மீன்பெயர்

ஆங்கிலத்தில் 'சமன்' எனப்படும் மீனின் பெயரில், எழுத்தில் உள்ள லகரம் நாவில் ஒலிப்பதில்லை. பிரெஞ்சு மொழியில் என்றோ மறைந்த அவ்வெழுத்தை, இலத்தீன் மூலத்தைக் காட்டவேண்டிக் கற்றோர் பிற்காலத்தில் ஏட்டளவில் மீட்டனர். இலங்கைக் கடைகளில் தகரத்திலடைத்த மீனை, அது பெரும்பாலும் வேறினமாயினும், 'செமன்' என்று கேட்டு வாங்குவோரும் லகரமின்றியே சொல்கின்றனர்.

இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தேறியதாகும். 1066 ஆம் ஆண்டு நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், ஆள்வோர் மொழியாகிய பிரெஞ்சின் வழியே அது புகுந்தது. அதற்கு முன்னர் அந்நாட்டார் அம்மீனை 'லெயக்ஸ்' என்றனர். இடைக்கால ஆங்கிலத்தில் அது 'லக்ஸ்' ஆயிற்று. வடபுலத்தாரிடையே சில காலம் நின்று, பின்னர் வழக்கொழிந்தது. ஜெர்மானியரும் சுவீடன் நாட்டாரும் ஐசுலாந்தினரும் இதன் உறவுச்சொல்லை இன்றும் வழங்குகின்றனர்.

பேச்சில் மாண்ட சொல்லை ஊர்ப்பெயர்களில் தேடலாம். சமன் ஆற்றிற் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிடுதற்குப் பிறந்த ஆற்றுக்கே எதிரேறி வருவது. இடையே அருவி வரின் துள்ளிக் கடப்பது. ஆகையால் அது வரும் ஆறுகளைக் கடலோடிகளான வைக்கிங்கர் தம் மொழியில் அம்மீனின் பெயராலேயே அழைத்தனர். மான் தீவிலுள்ள லக்ஸி என்பதற்குச் 'சமன் ஆறு' என்பது பொருள். ஸ்கொத்லாந்தின் லக்ஸ்போர்டில் ஈற்றிலுள்ள 'போர்ட்' ஆற்றுத்துறையன்று. நிலத்துள் நீண்டு புகுந்த கடற்கழி.

ஆயினும், 'லக்ஸ்' எனத் தொடங்கும் ஊரெல்லாம் மீனூர் என்று துணிதல் தவறு. நொட்டிங்காம் மாவட்டத்து லக்ஸ்டன் இதற்குச் சான்று. 1086 ஆம் ஆண்டின் நிலக் கணக்கேட்டில் அது 'லக்ஸின்டுன்' எனக் காணப்படுகிறது. இடைநின்ற 'இன்' அசையைக் கொண்டு, லெயக்ஸா என்னும் ஒருவனுடைய வழியினரின் ஊர் அது என அறிஞர் கொள்வர். பழைய வடிவத்தைப் பாராது பெயருக்குப் பொருளுரைப்போர் வழுக்கி விழுவது இத்தகைய இடத்திலேதான்.

அயர்லாந்தில் டப்ளினுக்கு அண்மையிலுள்ள லீக்ஸ்லிப்பில் ஐயத்துக்கிடமில்லை. 'சமன் பாய்ச்சல்' என்பதே அதன் பொருள். ஐரிஷ் மொழிப் பெயரும் அவ்வாறே பொருள்படும். மீன் துள்ளிய அருவி 1940களில் கட்டப்பட்ட நீர்மின் அணையின் தேக்கத்துள் மூழ்கிற்று. அவ்வூர்ப் பெயரின் இலத்தீன் வடிவம் 'சல்ற்றுஸ் சல்மோனிஸ்'. அதன் முதற்சொல்லே குறுகி, அப்பகுதியின் இரு பழைய நிலப்பிரிவுகளுக்கு வட சோல்ற், தென் சோல்ற் என்னும் பெயர்களாயிற்று. ஆங்கிலத்தில் 'சோல்ற்' என்றால் உப்பு. ஆனால் அங்கு உப்பளம் எதுவும் இருந்து அப்பெயர் வரவில்லை, மீனின் பாய்ச்சலே அதற்குக் காரணம்.