பிஞ்சுக் கைக்குப் பயிற்சி

மும்பையில் மாதுங்காவை அடுத்த கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. அத்தகைய இல்லமொன்றில், பத்து மாதக் குழந்தை கிலுகிலுப்பையையும் இட்லித் துண்டையும் இடக்கையால் மட்டுமே எடுக்கிறது என்று கொள்வோம். இடக்கைப் பழக்கம் என்று வீட்டார் எண்ணுவர்; சோற்றுக்கையைப் பழக்க வேண்டுமென்று அக்கையைத் தட்டிவிடுவோரும் உண்டு. ஆனால் முதலாண்டு நிறையுமுன் குழந்தைகள் இரு கைகளையும் ஏறக்குறைய சமமாகவே உபயோகிக்கும். ஒரு கை மட்டும் எப்பொழுதும் முந்துமாயின், மற்றக் கை ஏன் பின்தங்குகிறது என்று ஆராய்தல் வேண்டும்.

பக்கவாதம் முதியோருக்கு மட்டும் உரிய நோயன்று. பிறப்பதற்குச் சற்று முன்னரோ, பிறந்த சில நாட்களிலோ மூளையின் இரத்தக் குழாய் அடைபடுவதுண்டு. இவ்வடைப்பு மூளையின் இடப்பாதியிலேயே அதிகமாக நிகழ்கிறது. அப்பாதி உடலின் வலப்புறத்தை இயக்குவதால் வலக்கை தளர்கிறது. எனினும் குழந்தை பொருள்களை எட்டி எடுக்கத் தொடங்கும் வரை இக்குறை பெரும்பாலும் புலப்படுவதில்லை.

தளர்ந்த கையால் முயன்று தோற்கும் குழந்தை, நல்ல கையையே நாடுகிறது. நாளடைவில் தளர்ந்த கை, தன்னால் இயன்றதைக்கூடச் செய்யாது விட்டுவிடுகிறது. அமெரிக்க விஞ்ஞானி எட்வர்ட் டாப் இந்நிலையைக் குரங்குகளிடம் கண்டார். ஒரு கையின் உணர்ச்சி நரம்புகளை அறுத்தபின் குரங்கு அக்கையை உபயோகிக்கவில்லை. நல்ல கையைக் கட்டியதும் மீண்டும் உபயோகித்தது. கையின் முடக்கத்தில் ஒரு பகுதி பழக்கத்தால் விளைந்ததென்று இதனால் தெளிவாயிற்று.

இவ்வுண்மையே புதிய சிகிச்சைக்கு அடிப்படையாகும். நல்ல கைக்கு உறையோ இலேசான கட்டோ இட்டு, தளர்ந்த கைக்கு விளையாட்டின் மூலம் தொடர்ந்து வேலை கொடுப்பர். 2004இல் வெளியான ஆய்வொன்றில், ஏழு மாதம் முதல் எட்டு வயது வரையுள்ள 18 குழந்தைகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் நாள்தோறும் ஆறு மணி நேரமாக 21 நாட்கள் இப்பயிற்சி பெற்றனர். அவர்கள் சராசரியாக 9.3 வகைப் புதிய செயல்களைக் கற்றனர். வழக்கமான சிகிச்சை பெற்றோர் கற்றவை 2.2 மட்டுமே.

முன்னேற்றம் படிப்படியாகவே வரும். தொடக்கத்தில் குழந்தை சினந்து அழும்; மூடிய விரல்கள் எளிதில் விரியமாட்டா. ஆகவே பெரிய பந்தைத் தள்ளுதல் போன்ற எளிய செயலே முதற்பாடம். பின்னர் டம்ளரைப் பிடித்தல், பிடித்ததை விடுதல், துண்டு உணவை வாய்க்குக் கொண்டுசெல்லுதல் என ஒவ்வொன்றாகக் கூட்டுவர். சிறு வெற்றியையும் உடனே பாராட்டுவர். இறுதியில் இரு கைகளும் கூடிச் செய்யும் வேலைகள் பழக்கப்படும். சேதமுற்ற மூளைப் பகுதி மீள்வதில்லை. அண்டைப் பகுதிகள் அதன் வேலையில் ஒரு பங்கை ஏற்கின்றன. தளர்ந்த கை மற்றதற்கு இணையாகாவிடினும், பாத்திரத்தை அழுத்திப் பிடிக்கும் துணைக்கையானாலே பேருதவியாகும்.

இதனைக் கற்பிப்போர் ஆக்குபேஷனல் தெரபி எனப்படும் செயல்வழிச் சிகிச்சையில் தேர்ந்தவர்கள். இந்தியாவில் இக்கல்விக்கான முதற்பள்ளி, கிங்ஸ் சர்க்கிளுக்குத் தெற்கே பரேலிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையில் 1950இல் கமலா நிம்ப்கரின் முயற்சியால் தொடங்கியது.

களப் பணியாளரும் ஆசிரியரும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஓராண்டுக்கு முன்பே ஒரு கையை மட்டும் நாடுதல், ஒரு கை எப்பொழுதும் முட்டியாக மூடியிருத்தல், தவழும்போது ஒரு புறம் இழுபடுதல் ஆகியவற்றைக் கண்டால், 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பரிசோதனைக் குழுவினரிடமோ அரசு மருத்துவமனையிலோ தெரிவித்தல் வேண்டும். நலமாயிருந்த குழந்தைக்குத் திடீரென ஒரு புறம் தளர்ந்தால், தாமதமின்றி மருத்துவமனைக்கு எடுத்துச் செல்க. நிபுணரின் யோசனையின்றி நல்ல கையைக் கட்டுவது கூடாது. ஒரு கையையே நீட்டும் குழந்தையைத் தட்டித் திருத்த முற்படாது, மற்றக் கையை ஒருமுறை விரித்துப் பார்ப்பதே பெரியோர் செய்யத்தக்கது.