மருதாணி சிவக்க வேண்டுமானால்

ஆடி நெருங்கினால் நம் கடைகளில் மருதாணிப் பொடிக்குத் தனி விற்பனை வரும். ரம்ஜான், பக்ரீத் சமயத்திலும், தை, வைகாசி முகூர்த்தங்களிலும் அப்படியே. அந்த நாட்களில் சில்லறைக் கடை நண்பர்கள் மதுரை கீழமாசி வீதியில் உள்ள என் கடைக்கு வந்து கேட்பது ஒரே கேள்விதான். "அண்ணாச்சி, நன்றாகச் சிவக்கிற சரக்கு இருக்கிறதா? போன தடவை கொடுத்தது பிடிக்கவே இல்லை என்று பெண்கள் பாக்கெட்டைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள்." நாற்பது வருடமாக இந்தச் சரக்கைக் கையாளுகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

மருதாணி இலையில் நிறம் தருவது லாசோன் என்ற பொருள். உலர்ந்த இலையில் அது நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை பங்குதான் இருக்கும். தோலில் உள்ள கெரட்டின் என்ற புரதத்தில் போய் அது ஒட்டிக்கொள்கிறது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் தடிப்பு என்பதால் அங்கே நன்றாகப் பிடிக்கும். அதே மருதாணி புறங்கையில் வெளிர்ந்துதான் தெரியும். புறங்கையை நீட்டிச் சண்டைக்கு வருகிறவர்களிடம் இதை எடுத்துச் சொல்லலாம்.

நமக்கு வரும் பொடியில் பெரும்பகுதி ராஜஸ்தான் மாநிலம் பாலி மாவட்டத்துச் சோஜத் சரக்கு. 2021-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 2003-இல் நான் சோஜத் ரோடு ஸ்டேஷனில் இறங்கி நேரில் போய்ப் பார்த்தேன். மழைக்காலம் முடிந்து, நம் புரட்டாசி, ஐப்பசியில் அறுவடை. அறுத்துக் காயப்போட்ட இலையில் மழை விழுந்தால் இலை கறுத்து, சாயம் போய், விலையும் விழுந்துவிடும். அப்படி நனைந்த இலையும் அரைபடத்தான் செய்கிறது. அது யார் கடைக்குப் போகிறது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதில் நமக்கு ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசியில் அறுத்த இலை, ஆடியில் விற்கும்போது ஒன்பது மாதப் பழசாகிவிடுகிறது. வெயில், காற்று, ஈரம் மூன்றும் மருதாணிக்கு ஆகாது. கண்ணாடி ஜாடியில் போட்டுக் கடை வாசலில் அழகுக்கு வைத்தால் பச்சை மாறிப் பழுப்பாகும், சாயமும் இறங்கிவிடும். நான் முடிந்த மட்டும் இலையாகவே வாங்கி, இருட்டறையில் வைத்து, தேவைக்குத் தகுந்தபடி அரைத்துக்கொள்கிறேன். மூட்டை மேல் எந்த வருட அறுவடை என்று எழுதியும் வைக்கிறேன். பொடியாக வாங்குகிறவர்கள் காற்றுப் புகாத பையில், மூன்று மாத விற்பனைக்கு மேல் வாங்காமல் இருப்பது நல்லது.

பழசை மறைக்கப் பச்சைச் சாயம் கலக்கிறவர்களும் இருக்கிறார்கள். கிளிப்பச்சையாகப் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவினால், சாயம் கலந்தது உடனே பச்சையாக இறங்கும். நல்ல சரக்கு மெதுவாக, மஞ்சளும் பழுப்புமாகத்தான் கசியும். இரண்டு விரலில் தேய்த்தால் மணல் தெரியும். மூக்கிலும் பாருங்கள். புதுப் பொடியில் காய்ந்த வைக்கோல் வாசம் வரும், பழசில் வெறும் தூசி வாசம்தான். இவ்வளவும் பார்த்த பிறகு, கொஞ்சம் குழைத்து உள்ளங்கையில் ஒரு மணி நேரம் வைத்தால் ஆரஞ்சு நிறம் பிடிக்க வேண்டும். பிடிக்காத லாட்டைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள்.

சரக்கு நன்றாக இருந்தும் குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் அவசரக்காரர்கள். பொடியைச் சலித்து, எலுமிச்சைச் சாறோ தேயிலை டிகாஷனோ விட்டு, கொஞ்சம் சர்க்கரை சேர்த்துக் குழைத்து மூடி வைக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் ஐந்தாறு மணி நேரம், குளிர் நாளில் ஒரு ராத்திரி. சர்க்கரை சேர்ப்பது சீக்கிரம் காய்ந்து உதிராமல் இருக்கத்தான். பச்சை இலையாக இருந்தால் கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து அம்மியில் மையாக அரைக்கும் நம் வீட்டுப் பழக்கம் போதும். இடுவதற்கு முன் கையில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது. ராத்திரி முழுக்க வைத்திருந்து, காலையில் கழுவாமல் சுரண்டி எடுத்து, தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். ஒரு நாள் சோப்பு, தண்ணீர் அதிகம் படக் கூடாது. முதலில் ஆரஞ்சாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள்தான் கருஞ்சிவப்பு வரும். முகூர்த்தத்துக்கு இரண்டு நாள் முன்னால் இட வேண்டும் என்பது இதனால்தான். இதைச் சின்ன நோட்டீசாக அடித்துப் பாக்கெட்டோடு கொடுக்கிறேன். வாபஸ் வருவது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது.

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக வந்ததுதான் அரை மணியில் கறுக்கும் "கறுப்பு மருதாணி" கோன். அதில் நானும் அகப்பட்டேன். 2011 வைகாசியில் ஒரு ஏஜெண்ட் பேச்சைக் கேட்டு, லாபம் நன்றாக இருக்கிறதே என்று நான்கு பெட்டி வாங்கினேன். இருபது வருடமாக என்னிடம் வாங்கும் ஒரு சில்லறைக் கடைக்காரருக்கு ஒரு பெட்டி கொடுத்தேன். பத்து நாள் கழித்து அவர் ஒரு தகப்பனாரை அழைத்துக்கொண்டு வந்தார். மணப்பெண்ணின் தங்கை, பதினான்கு வயதுப் பிள்ளை. கோன் போட்ட கோடு கோடாகக் கையில் கொப்புளம். தோல் டாக்டர் அது மருதாணியே அல்ல, தலைச்சாயத்தில் போடும் பி.பி.டி. என்ற ரசாயனம் என்று சொல்லிவிட்டாராம். ஒரு தடவை இப்படி ஒவ்வாமை வந்துவிட்டால், பிற்காலத்தில் தலைச்சாயம் பட்டாலும் திரும்ப வரும் என்றும் சொல்லியிருக்கிறார். மருதாணி இலையில் கறுப்புச் சாயமே கிடையாது என்பது தெரிந்த நானே அதை விற்றிருக்கிறேன். ஏஜெண்ட் அதன் பிறகு போனை எடுக்கவில்லை. மருத்துவச் செலவை நான் கொடுத்தேன். மீதிப் பெட்டிகளைக் கொளுத்தச் சொன்னேன். புகை ஆகாது என்று என் மகன் குழி தோண்டிப் புதைத்தான்.

ஐந்து நிமிடத்தில் சிவக்கும் என்று வரும் கோனையும் இப்போது நான் வைப்பதில்லை. இலைச் சாயம் அவ்வளவு சீக்கிரம் ஏறாது. நரைக்குக் கறுப்பு கேட்கிறவர்களுக்கு மருதாணிப் பொடியும் அவுரிப் பொடியும் தனித்தனியாகக் கொடுக்கிறேன். முதல் நாள் மருதாணி, மறுநாள் அவுரி.

அந்தச் சில்லறைக் கடைக்காரர் இன்றும் என்னிடம்தான் வாங்குகிறார். ஒவ்வொரு ஆடிக்கும் மூட்டையைப் பிரிக்கச் சொல்லி, ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்த பிறகுதான் எடை போட விடுவார். நானும் ஒன்றும் சொல்வதில்லை.