எளிமையின் இலக்கணம்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்" என்பது பழமொழி. வலைப்பூவுக்கு ஒரு பக்க அமைப்பைச் செய்து பார் என்பதையும் இன்று அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். செய்வது அரிதன்று; செய்ததைப் பிறர் கண்கொண்டு பார்ப்பதே அரிது. சென்ற விடுமுறையில் நான் கற்ற பாடம் இது.

எளிய அமைப்பு என்பது யாது? பொருள்களைக் குறைப்பதே எளிமை என்பர் பலர். அது பாதி உண்மை. தலைப்பு, நாள், கட்டுரை, அடுத்த கட்டுரைக்கு வழி ஆகிய நான்கும் படிப்பவருக்கு வேண்டும். ஓரத்தில் சுழலும் படங்களும் இடையில் குதிக்கும் அறிவிப்புகளும் வேண்டா. ஆனால், வேண்டாததை நீக்கியவுடன் வேலை முடிந்துவிடுவதில்லை. எஞ்சி நிற்பது தடையின்றிப் படிக்கக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும்.

அடுத்தது, திரைக்கேற்ப இசைந்து கொடுக்கும் தன்மை. கணிப்பொறிக்கு ஒரு பக்கம், கைப்பேசிக்கு வேறொரு பக்கம் எனப் பலர் இரட்டை வேலை செய்துவந்த காலத்தில், அமெரிக்க வடிவமைப்பாளர் ஈதன் மார்க்காட் 2010-ஆம் ஆண்டில் இம்முறைக்குப் பெயர் சூட்டி விளக்கினார். அவர் கூறிய கூறுகள் மூன்று. பத்தியின் அகலத்தை நிலையான அளவாக அன்றி விழுக்காடாகக் குறித்தல் ஒன்று. படங்கள் தமக்குரிய கட்டத்தை மீறாமல் சுருங்குதல் மற்றொன்று. திரையின் அகலத்தை அறிந்து விதிகளை மாற்றிக்கொள்ளுதல் மூன்றாவது. குடத்தில் குடமாகவும் குவளையில் குவளையாகவும் நிற்கும் நீரைப்போலப் பக்கம் அமைகிறது.

தமிழில் எழுதுவோர் இன்னும் சிலவற்றைக் கருத வேண்டும். ஆங்கில எழுத்துக்கென அமைந்த அளவுகள் நமக்கு அப்படியே பொருந்தா. 'கீ' என்பதில் சுழி மேலே எழுகிறது. 'கு' என்பதில் சுழி கீழே இறங்குகிறது. வரிகள் நெருங்கினால் ஒன்றன் காலும் மற்றதன் தலையும் மோதும். ஆகவே, வரி உயரத்தை எழுத்தளவைப்போல் 1.6 அல்லது 1.7 மடங்காக வைப்பது நலம். நம் சொற்களோ நீளமானவை. 'பல்கலைக்கழகத்திலிருந்து' என்ற ஒரே சொல், பெரிய எழுத்தில் அமைந்த தலைப்பில் வந்தால், கைப்பேசித் திரையின் விளிம்பைத் தாண்டிவிடும். எனவே, மாதிரிக்கு ஆங்கிலச் சொற்களை இட்டு நிரப்பாமல், உண்மையான தமிழ்க் கட்டுரையை இட்டே சோதிக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் செய்துவிட்டேன். வெண்மைமேல் மெல்லிய சாம்பல் நிற எழுத்து, சுற்றிலும் வெற்றிடம். விடுதி நண்பர்களிடம் காட்டி, "எப்படி இருக்கிறது?" என்று கேட்டேன். "மிக அழகு" என்றனர். உள்ளம் குளிர்ந்தது. ஊருக்குச் சென்றதும் அம்மாவிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். முதற் கட்டுரை என் பாட்டியைப் பற்றியது. "நன்றாக இருக்கிறதப்பா" என்று சொல்லி உடனே திருப்பித் தந்தார். ஐயம் எழுந்தது. "கொஞ்சம் வாய்விட்டுப் படியுங்கள் அம்மா" என்றேன். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். வாசல் வெளிச்சத்துக்குச் சென்றார். இரண்டாம் வரியில் நின்றுவிட்டார். யாருக்காக எழுதினேனோ அவருக்கே அக்கட்டுரை எட்டவில்லை!

எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5-க்கு 1 என்ற அளவிலேனும் இருக்க வேண்டும் என்கின்றன வலைப்பக்க அணுகல் நெறிகள். என் சாம்பல் நிறம் அதில் பாதியளவே தேறியது. நிறத்தைக் கருமையாக்கினேன், எழுத்தைப் பெரிதாக்கினேன். அழகு சற்றும் குறையவில்லை.

கருத்துக் கேட்கும் முறையும் அன்றே புரிந்தது. "நன்றாக இருக்கிறதா?" என்று கேட்டால் அன்புடையோர் "ஆம்" என்றே சொல்வர். "பழைய கட்டுரை ஒன்றைத் தேடி எடுங்கள்", "இதைப் படியுங்கள்" என்று வேலை கொடுங்கள். பின்பு வாய்மூடி, விரல் எங்கே தயங்குகிறது, கண் எங்கே சுருங்குகிறது என்று கவனியுங்கள். ஐவரை இவ்வாறு சோதித்தாலே குறைகளில் பெரும்பகுதி வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதினார். அந்த ஐவருள் ஒருவர் வயதில் மூத்தவராகவும், ஒருவர் விலை குறைந்த கைப்பேசி வைத்திருப்பவராகவும் இருக்கட்டும்.

நண்பர்களே, பக்கம் அமைப்பவன் பந்தி பரிமாறுபவன் போன்றவன். இலையின் அழகை விருந்தினர் புகழ்ந்தால் போதுமா? அவர் வயிறார உண்டாரா என்று பார்ப்பதன்றோ முறை!