கூந்தன்குளத்து வாத்து இமயமலையைத் தாண்டுவது எப்படி?

நாங்குநேரி அருகே கூந்தன்குளத்துக்கு ஜனவரியில் போயிருக்கிறீர்களா? மணிமுத்தாறு அணைத் தண்ணீர் வந்து சேரும் அந்தக் குளத்தில், வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகளோடு வாத்துகள் நீந்தும். வரித்தலை வாத்துகள்! மங்கோலியா, திபெத் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்குத் தப்பி வருபவை.

வழியில் இமயமலை இருக்கிறதே, என்ன செய்யும்? மேலே பறந்தே கடக்கும். 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே நமக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் பாதிகூடக் கிடையாது. பிறகு எப்படி மூச்சு விடுகின்றன?

தெருக்குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகும் நாளை நினைத்துப் பாருங்கள். சின்ன வாய் பாட்டிலை நீட்டினால் பாதி சிந்தும். வாயகன்ற குடத்தை வைத்தால் சொட்டும் வீணாகாது. இவற்றின் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் அந்தக் குடம்தான். அரிதாகக் கிடைக்கும் ஆக்சிஜனையும் இறுகப் பிடித்துக்கொள்ளும்.

அது மட்டுமா? மற்ற வாத்துகளைவிட நுரையீரல் பெரிது. இறக்கைத் தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்களும் அதிகம். பிடித்த ஆக்சிஜன் தசைக்குச் சட்டென்று போய்ச் சேரும்.

நேரமும் பார்க்கும். குளிர்ந்த காற்று அடர்த்தியானது. இறக்கையை நன்றாகத் தாங்கும். அதனால் இரவிலும் விடியற்காலையிலும் மலையேறும். உச்சியிலேயே நிற்காமல், மலைச்சரிவை ஒட்டியே ஏறி இறங்கிப் பறப்பதால் சக்தியும் மிச்சம்.

இவ்வளவு பாடுபட்டு வரும் பறவைகளுக்காக, கூந்தன்குளம் மக்கள் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. நீங்கள் போகும்போதும் கரையிலிருந்தே பாருங்கள், கல்லெறிந்து எழுப்பாதீர்கள். திரும்பிப் போகும் பயணத்துக்கு அவை சேர்த்துவைக்கும் பலம் வீணாகிவிடும்.