ஓர் ஆள், மூன்று முகவரி

மடற்குழுவிலிருந்து விலக முடியவில்லை என்று நிர்வாகியிடம் சண்டைக்கு வருகிறவர்கள் பலரின் கதை ஒன்றுதான். கல்லூரியில் படித்தபோது கொடுத்த மின்னஞ்சல் முகவரியில் குழுவில் சேர்ந்திருப்பார்கள். பிறகு அந்த முகவரிக்கு வருவதையெல்லாம் ஜிமெயிலுக்குத் திருப்பிவிட்டு, பழையதை மறந்தே போயிருப்பார்கள். மடல்கள் ஜிமெயிலுக்கு வருவதால் ஜிமெயிலிலிருந்தே விலகல் கோரிக்கை அனுப்புவார்கள். இந்த முகவரி உறுப்பினரே இல்லை என்று மென்பொருள் பதில் சொல்லும். மடல் மட்டும் வந்துகொண்டே இருக்கும்.

மென்பொருள் பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது முகவரி மட்டுமே, அதுவும் எழுத்துக்கு எழுத்து. ஜிமெயில் தன் முகவரிகளில் உள்ள புள்ளிகளைக் கணக்கில் கொள்ளாது. புள்ளி வைத்து அனுப்பினாலும் வைக்காமல் அனுப்பினாலும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். மடற்குழுவுக்கோ அவை இரண்டு வெவ்வேறு முகவரிகள். எந்த முகவரியில் சேர்ந்தோம் என்று நினைவில்லையா? வந்த மடலின் மூலவடிவத்தைத் திறந்து, தலைப்பகுதியில் ‘டெலிவர்டு-டு’ என்ற வரிகளைத் தேடுங்கள். பெரும்பாலும் பழைய முகவரி அங்கே அகப்பட்டுவிடும்.

இதற்கெல்லாம் மூலம் கணக்கு வைக்கும் முறையில் இருக்கிறது. பரவலாகப் புழங்கும் குனு மெயில்மேனையே எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டாம் பதிப்பில் ஆள் என்று யாரும் கிடையாது. ஒரு குழு, அதில் ஒரு முகவரி, அதற்கொரு கடவுச்சொல், அவ்வளவுதான். ஒரே சர்வரில் ஐந்து குழுக்களில் சேர்ந்தால் ஐந்து தனித்தனிப் பதிவுகள். மறந்துபோகாமல் இருக்க, மாதத்தின் முதல் தேதியில் கடவுச்சொற்களைப் பச்சையாக மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் வழக்கம் வேறு! இன்று ஒரு வங்கி அப்படிச் செய்தால் சும்மா விடுவோமா?

2015-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு இதைப் பிரித்துப் போட்டது. பைத்தான், ஃபெடோரா போன்ற திட்டங்களின் மடற்குழுக்கள் இதில்தான் ஓடுகின்றன. இதில் பயனர் என்பவர் ஆள். அவருக்கு எத்தனை முகவரி வேண்டுமானாலும் இருக்கலாம். ஆனால் ஒரு முகவரி ஒரே ஒரு பயனருக்குத்தான் சொந்தம். உறுப்பினர் என்பது மூன்றாவது பதிவு. இன்னார் இந்தக் குழுவில் இருக்கிறார் என்று சொல்வது அதுதான்.

புதிய முகவரியைக் கணக்கில் சேர்த்ததும் அதற்கு ஒரு சரிபார்ப்பு மடல் வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்தினால்தான் முகவரி உங்களுடையது என்று ஏற்கப்படும். எரிச்சலாக இருந்தாலும் இது இல்லாவிட்டால் யாரும் யாருடைய முகவரியையும் தன் பெயரில் எழுதிக்கொள்ளலாம்.

சேரும்போது ஒரு தேர்வு இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. ஒரு குறிப்பிட்ட முகவரியின் பெயரில் சேரலாம், அல்லது ‘முதன்மை முகவரி’ என்று சேரலாம். முதல் வகையில் முகவரி மாறினால் ஒவ்வொரு குழுவாகப் போய் மாற்ற வேண்டும். இரண்டாவதில் முதன்மை முகவரியை ஓரிடத்தில் மாற்றினால் அப்படிச் சேர்ந்த குழுக்கள் அனைத்தும் கூடவே வந்துவிடும். தனிக் காரணம் ஏதும் இல்லையென்றால் இரண்டாவதையே தேர்ந்தெடுங்கள்.

மடல் தினத்தொகுப்பாக வர வேண்டுமா, நாம் எழுதியது நமக்கே திரும்பி வர வேண்டுமா போன்ற விருப்பங்களும் இப்படி அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒரு குழுவுக்கென்று சொன்னது முதலில் செல்லும். அங்கே ஒன்றும் சொல்லாவிட்டால் முகவரிக்குச் சொன்னது, அதுவும் இல்லாவிட்டால் பயனருக்குச் சொன்னது. பொது விருப்பத்தை மாற்றியும் ஒரு குழு மட்டும் கேட்க மறுத்தால், அந்தக் குழுவுக்கென்று எப்போதோ தனியாக ஒன்றைக் குறித்து வைத்திருக்கிறீர்கள்.

படிப்பது ஒரு முகவரியில், எழுதுவது இன்னொன்றில் என்றிருப்பவர்களுக்குப் பழைய உபாயம் ஒன்று உண்டு. இரண்டு முகவரிகளையும் குழுவில் சேர்த்து, ஒன்றுக்கு மட்டும் மடல் விநியோகத்தை நிறுத்திவிடுவது. அறிமுகமில்லாத முகவரியிலிருந்து வரும் மடலை மென்பொருள் பொதுவாக நிர்வாகியின் ஒப்புதலுக்காக நிறுத்திவைக்கும். அந்தக் காத்திருப்பு இதனால் இல்லாமல் போகும்.

செத்துப்போன முகவரியை என்ன செய்வது? மடல்கள் திரும்பி வரத் தொடங்கினால் மென்பொருள் அந்த முகவரிக்குப் புள்ளி போடும். ஒரு நாளில் எத்தனை திரும்பினாலும் ஒரு முறைதான் எண்ணும். புள்ளி வரம்பைத் தொட்டதும் விநியோகம் நிற்கும். சில எச்சரிக்கைகளுக்குப் பிறகு பெயரும் நீங்கும். இந்த வரம்பு வழக்கமாக 5. நிர்வாகி அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியும். ஆகவே திடீரென்று குழு ஓய்ந்துபோனதாகத் தோன்றினால், பெட்டி நிரம்பி வழிந்ததா என்று முதலில் பாருங்கள்.

இதைவிடக் கவலைக்குரியது, கைவிட்ட முகவரி கணக்கில் ஒட்டிக்கொண்டிருப்பது. சொந்த டொமைனைப் புதுப்பிக்காமல் விட்டால் வேறொருவர் அதை வாங்கிவிட முடியும். வாங்கியவர் உங்கள் பழைய முகவரியை மறுபடி உண்டாக்கி, கடவுச்சொல் மறந்துவிட்டது என்று கேட்டால், புதிய கடவுச்சொல்லுக்கான இணைப்பு அவர் கைக்குப் போகும். நீங்கள் குழு நிர்வாகியாகவும் இருந்தால் உறுப்பினர் பட்டியலே போனது. முகவரியைக் கைவிடுவதற்கு முன்னால், அது இன்னும் வேலை செய்கிறபோதே, புதியதைச் சேர்த்துச் சரிபார்த்து முதன்மையாக்கிவிட்டுப் பழையதை நீக்குங்கள். வரிசை மாறினால் மேலே சொன்ன விலகல் சிக்கலில்தான் மாட்டுவீர்கள். அப்போது நிர்வாகியைக் கெஞ்சுவதைத் தவிர வழியில்லை.

குழுவிலிருந்து விலகுவதும் கணக்கை அழிப்பதும் ஒன்றல்ல. விலகினால் அந்தக் குழுவின் மடல் நிற்கும். கணக்கும் முகவரிகளும் அப்படியே இருக்கும். கணக்கை அழிக்க இணையப் பக்கத்துக்குள் நுழைந்து தனியாகச் செய்ய வேண்டும். இரண்டையும் செய்தாலும், நீங்கள் எழுதிய பழைய மடல்கள் உறுப்பினர்களின் பெட்டிகளில் இருக்கத்தான் செய்யும். பொது ஆவணக் காப்பகத்தில் உள்ளதை நீக்க வேண்டுமானால் நிர்வாகிக்குத் தனியே எழுதுங்கள். நீக்குவதும் விடுவதும் அந்தக் குழுவின் கொள்கையைப் பொறுத்தது.