மெர்சிங் தீவுகளுக்குப் படகுப் பயணமா? விடுப்பு எடுக்கும் முன் காற்றைப் பாருங்கள்

ஜோகூரின் கிழக்குக் கரையில் உள்ள மெர்சிங்கிற்கு எதிரே ரவா, பெசார், திங்கி, சிபு, பெமாங்கில், அவுர் என அழகான தீவுகள் பல இருக்கின்றன. வடகிழக்கே உள்ள தியோமான் பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆனாலும் அங்குச் செல்வோரில் பலர் மெர்சிங் படகுத்துறையில்தான் படகு ஏறுகின்றனர். குளுவாங், கூலாய், கோத்தா திங்கி, ஜோகூர் பாரு வட்டார நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்தால், செலவைப் பங்கிட்டுக்கொண்டு ஒரு படகை வாடகைக்கு எடுத்துத் தீவு தீவாகச் சுற்றி வரலாம்.

சிக்கல் எங்கே என்றால், நமக்கு விடுமுறை கிடைக்கும் காலமும் கடல் வழிவிடும் காலமும் ஒன்றாக இருப்பதில்லை. எல்லாரும் ஒன்றுகூட வாய்ப்புள்ள தீபாவளியையும் ஆண்டிறுதியையும் ஒட்டித்தான் இந்தக் கடல் கொந்தளிக்கத் தொடங்குகிறது.

வாடைக்காற்றின் வழி

தமிழில் திசைக்கொரு காற்றுக்குப் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. மெர்சிங் கடலை ஆண்டில் சில மாதங்கள் மூடிவைப்பது இந்த வாடைதான். தமிழ்நாட்டுக்கு ஐப்பசி, கார்த்திகையில் மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்று நம் பக்கம் நவம்பர் முதல் மார்ச் வரை வீசுகிறது.

வட ஆசியாவின் குளிர்ந்த நிலப்பரப்பிலிருந்து புறப்படும் காற்று, தென் சீனக் கடலின் மேல் தடையே இல்லாமல் நெடுந்தூரம் ஓடி வருகிறது. காற்று எவ்வளவு தூரம் தண்ணீர் மேல் ஓடுகிறதோ, அந்த அளவுக்கு அலையும் உயரும். மலாக்கா நீரிணையைச் சுமத்ரா தீவு ஓரளவு மறைத்து நிற்கிறது. மெர்சிங்கிற்கு அப்படி மறைப்பு இல்லை. கரையில் வெயில் அடித்தாலும், எங்கோ தொலைவில் எழுந்த அலை இங்கு வந்து மோதும். அதனால்தான் இந்தக் காலத்தில் தீவுத் தங்கும் விடுதிகள் பல மூடப்படுகின்றன. படகுச் சேவைகளும் குறைகின்றன அல்லது நின்றுவிடுகின்றன.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். தென்மேற்குக் காற்றைத் தீபகற்பத்தின் நிலப்பகுதியே தடுத்துவிடுகிறது. ஆனாலும் பிற்பகலில் திடீரென இடியுடன் மழை வரலாம். காலையில் புறப்பட்டு மதியத்திற்குள் அடுத்த தீவைச் சேர்ந்துவிடுவது நல்லது.

பாய்மரப் படகு ஏன் மெதுவாகப் போகிறது?

விசைப்படகில் போவது வேறு, பாய்மரப் படகில் போவது வேறு. பாய், காற்றை அடைத்துத் தள்ள மட்டும் பயன்படுவதில்லை. பக்கக் காற்றில் அது விமானத்தின் இறக்கை போல வேலை செய்து படகை இழுக்கிறது. படகு சாய்ந்து பக்கவாட்டில் நழுவாமல் இருக்க, அதன் அடியில் கனமான ஒரு பகுதி நீருக்குள் இறங்கி இருக்கும். ஆயினும் எந்தப் பாய்மரப் படகாலும் காற்று வரும் திசைக்கு நேர் எதிராகப் போக முடியாது. இடமும் வலமும் மாறி மாறி வளைந்துதான் முன்னேற வேண்டும். அதனால் தூரம் கூடும்.

கடல் வேகத்தை ‘நாட்’ என்பார்கள். ஒரு நாட் மணிக்கு 1.852 கிலோ மீட்டர். சாதாரணப் பாய்மர உல்லாசப் படகு 5 அல்லது 6 நாட் வேகத்தில் போகும். அதாவது மணிக்குச் சுமார் 10 கிலோ மீட்டர், சைக்கிள் வேகம்தான். கரையிலிருந்து சுமார் 16 கிலோ மீட்டரில் உள்ள ரவாவுக்கு நல்ல காற்றில் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். தியோமானுக்கு அரை நாள் வேண்டும். வழியில் மேகம் கறுத்தால் இந்தப் படகில் விரைந்து தப்பி ஓட முடியாது. ஆகவே புறப்படும் முன்பே வானிலையைப் பார்த்துவிட வேண்டும்.

மெர்சிங் ஆற்றின் முகத்துவாரம் ஆழம் குறைந்தது. நீர் வற்றும் நேரத்தில் பெரிய படகுகள் உள்ளே வரவோ வெளியே போகவோ சிரமம். அங்குப் படகு நேரம் நாளுக்கு நாள் மாறுவதற்கு இதுவே காரணம். படகு தாமதமானால் படகோட்டியைக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

2022 சொல்லும் பாடம்

2022 ஏப்ரல் 6ஆம் தேதி, மெர்சிங்கிற்கு அப்பால் தோக்கோங் சங்கோல் என்ற சிறு தீவருகே முக்குளித்த வெளிநாட்டவர் நால்வர் மேலே வந்தபோது, அவர்கள் வந்த படகைக் காணவில்லை. நீரோட்டம் அவர்களை இழுத்துச் சென்றது. ஒருவர் மறுநாள் மீட்கப்பட்டார். இருவர் இரண்டரை நாள்களுக்குப் பிறகு வெகு தெற்கே மீனவர்களால் காப்பாற்றப்பட்டனர். 14 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அது நல்ல பருவத்தில் நடந்தது என்பதை மறக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத நீரோட்டத்தை எதிர்த்து நன்றாக நீந்தத் தெரிந்தவராலும் நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியாது. நீச்சலே தெரியாதவர்களுக்கு மிதவை அங்கிதான் துணை.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை

மலேசிய வானிலை ஆய்வுத் துறை பலத்த காற்று, கொந்தளிப்பான கடல் பற்றி மூன்று நிலைகளில் எச்சரிக்கை விடுக்கிறது. முதல் நிலையிலேயே காற்று மணிக்கு 40 முதல் 50 கிலோ மீட்டர் வீசும், அலை 3.5 மீட்டர் வரை எழும். சிறு படகுக்கு இதுவே ஆபத்து. துறையின் ‘மைசுவாச்சா’ செயலியில் எச்சரிக்கைகளைப் பார்க்கலாம்.

மிதவை அங்கியைப் படகில் ஏறும்போதே அணிந்து வாரை இறுக்குங்கள். பிள்ளைகளுக்கு அவர்கள் அளவு அங்கி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பெரியவர் அங்கி பிள்ளையின் தலைக்கு மேல் நழுவிவிடும். படகின் பதிவு எண், பயணிகளின் பெயர்ப் பட்டியல், திரும்பும் நேரம் ஆகியவற்றைக் கரையில் உள்ள உறவினர் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். நடுக்கடலில் கைப்பேசி இணைப்பு கிடைக்காமல் போகலாம். படகில் வானொலிக் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். ஆபத்து அழைப்புக்கு அதன் 16ஆவது அலைவரிசை உலகெங்கும் பொதுவானது. இணைப்பு இருந்தால் 999 எண்ணை அழைக்கலாம்.

தூண்டில் கொண்டுபோகிறவர்களுக்கு ஒரு சொல். மெர்சிங் தீவுகளைச் சுற்றி 2 கடல் மைல், அதாவது சுமார் 3.7 கிலோ மீட்டர் வரை உள்ள பகுதி 1994 முதல் கடல் பூங்கா. அங்கு மீன்பிடிக்கத் தடை உண்டு. நங்கூரத்தைப் பவளப்பாறை மேல் போடாமல், படகு கட்ட வைத்திருக்கும் மிதவையில் கட்டச் சொல்லுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, “இன்று போக வேண்டாம்” என்று படகோட்டி சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். “காசு கட்டியாச்சு, லீவு போட்டாச்சு, கொஞ்சம் பார்த்துப் போங்கண்ணே” என்று பத்துப் பேர் சேர்ந்து வற்புறுத்தினால் அவரும் மனம் மாறக்கூடும். அந்த இடத்தில், “வேண்டாம், திரும்பிவிடுவோம்” என்று சொல்ல நண்பர்களில் ஒருவராவது இருக்க வேண்டும். கட்டிய பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். தீபாவளிக்கு உறவினர் வீடுகளுக்குப் போய் வாருங்கள். தீவுப் பயணத்தை ஏப்ரலுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள்.